காலிக் கண்டெய்னர்

எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் வரிசை காலையிலிருந்து நகரவில்லை. நரைத்த முடியை ரப்பர் பேண்டில் கட்டியிருக்கும் ஓட்டுநர் பகலவன், ஸ்பீக்கரைத் தன் வண்டியின் படிக்கட்டில் வைத்து, மீசை முளைத்த நாளிலிருந்து கேட்டுவரும் ராக் பாட்டை ஓடவிடுகிறார். கித்தார் ஏற ஏற அவர் கண்கள் செருகுகின்றன. டிரம்ஸ் வந்ததும் வண்டியின் நிழல் பக்கம் நின்று, காலிக் கண்டெய்னரை இரு கைகளாலும் அறைகிறார். நாற்பதடி இரும்பும் திம்திம்மென்று அதிர்கிறது. “எத்தினி வருசமா இதே இங்கிலீஷ் பாட்டு. ஒரு வார்த்தயாவது புரியுதா மாமு?” என்கிறார் பின்வண்டி ஓட்டுநர் தமீம், பழைய தோஸ்து. “கைய வெச்சிப் பாரு.” சலித்துக்கொண்டே தமீம் உள்ளங்கையை இரும்பில் பதிக்கிறார். அதிர்வு தோள்வரை ஏறுகிறது. கையை எடுக்க மறந்து நிற்கிறார். அப்போது பார்த்து முன்வண்டி நகர்கிறது. இடைவெளி விட்டால் வேறொருவன் நுழைந்துவிடுவான். பின்னால் ஹாரன்கள் கத்துகின்றன. பகலவன் ஸ்பீக்கரை நிறுத்தக் குனிகிறார். தமீமின் இரண்டு கைகளும் இப்போது இரும்பை அறைகின்றன. “பூர்றவன் பூந்துட்டுப் போறான் மாமு. பாட்டு முடியட்டும்.”