அமெரிக்கக் காரின் சாவி

“அப்பாவால இனி கார் ஓட்ட முடியாதுண்ணே. நீங்களே எடுத்துக்கோங்க,” என்று தங்கப்பழத்திடம் சாவியை நீட்டினாள் பெனிட்டா.

அப்பா ஆசீர்வாதம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே அவள் அதை ஒளித்துவிட்டாள். “இது வேற மாதிரி வண்டி மக்கா...” என்று அவர் தொடங்கும்போதெல்லாம், “பிடிவாதம் பிடிக்காதீங்கப்பா” என்று அடக்கிவிடுவாள். இன்று அவர் அவளோடு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

கல்யாணங்களுக்குக் கார் விடும் தங்கப்பழம், அந்தப் பழைய அமெரிக்கக் காரை ராஜபாளையம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். பழைய அம்பாசிடரைப் போல ஸ்டீயரிங்கிலேயே கியர் இருந்தது. வேகம் பிடித்ததும் கியர் மாற்ற, பழக்கத்தில் இடது காலை ஓங்கி மிதித்தார்.

கார் குலுங்கி நின்றது. பெனிட்டாவின் நெற்றி முன்சீட்டில் மோதியது.

“நீரு மிதிச்சது பிரேக்கு வே,” என்றார் ஆசீர்வாதம். “இதுல கிளட்ச்சே கிடையாது. கியர் தானா மாறிக்கிடும்.”

“அப்போ இடது காலுக்கு வேலையே இல்லியா அண்ணாச்சி?”

“இல்ல.”

“சாவியத் தந்துருங்கண்ணே,” என்றாள் பெனிட்டா.

அப்பாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூசியது. வேட்டிக்குக் கீழே தெரிந்த அவருடைய ஒற்றை வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.