டீ ஆறுவதற்குள் நாலாயிரம்

“டீ ஆறுறதுக்குள்ள நாலாயிரம் விவசாயிங்களை உள்ள தள்ளிட்டேனுங்க மொதலாளி!”

காலையில் ஆபரேட்டர் ஜாஸ்மின் இப்படிச் சொன்னதும் தருமபுரி மாங்கூழ் ஆலையின் அலுவலகமே வாயைப் பிளந்தது. ஃபேன்கூட ஒரு சுற்று நின்று கேட்டுவிட்டுத்தான் ஓடியது. இன்னொரு ஆபரேட்டரான மாதவராஜுக்கு மட்டும் வயிறு எரிந்தது. அந்தத் தீயில் நாலு அண்டா கூழ் காய்ச்சியிருக்கலாம்.

எரியாதா பின்னே? சீசனுக்குள் மாங்காய் தரும் விவசாயிகளை முழுக்கக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ஆளுக்குத்தான் ஏசி அறையும் தலைமை ஆபரேட்டர் நாற்காலியும் என்று முதலாளி முகம்மது கவுஸ் சொல்லியிருந்தார்.

அந்த சாப்ட்வேரோ சரியான வம்பு. ஒரே ஒரு விவசாயியைச் சேர்க்கவும் முழுசாக ஒரு கட்டளை அடிக்கவேண்டும். முதலில் பேர், ஊர், போன் என்று தலைப்புகள்; அப்புறம் அதே வரிசையில் விவரங்கள். ஒரு கமா நழுவினாலும் மூஞ்சியில் துப்பிவிடும். ஒரு வாரம் அடித்தும் மாதவராஜ் ஊர் வரிசையில் முதலாவதான அரூரைத் தாண்டவில்லை.

“அதெப்படிங்க மேடம், மந்திரமா?” என்றான்.

“எக்செல்ல ஒரே ஒரு ஃபார்முலாண்ணா. ஒவ்வொரு ஆளுக்கும் அந்தக் கட்டளையை அதுவே எழுதிக்கும். கடைசி வரைக்கும் இழுத்துவுட்டு, மொத்தமா காப்பி பண்ணி ஒட்டிட்டேன்.”

“நம்பாதீங்க மொதலாளி!” என்று குதித்தான் மாதவராஜ். “இந்த வருசத்து ஷீட்டை நேத்து சாயங்காலம் என் கையாலதான் குடுத்தேன். அதுக்குள்ள எப்படி முடியும்? போன வருசத்து லிஸ்ட்டைத் தூக்கி ஒட்டியிருப்பாங்க.”

“நேத்து ராத்திரியே லிஸ்ட் கம்ப்யூட்டர்ல வந்துடுச்சேப்பா, அதை நம்பி விடியக்காலையிலேயே மாங்கா ஏத்த லாரியை அனுப்பிட்டேனே,” என்றார் கவுஸ்.

“டிரைவருங்களைக் கேட்டுப் பாருங்க. இந்த வருசம் புதுசா சேர்ந்த ஆளு வூட்டுக்கு ஒரு லாரி போயிருந்தா, இந்த ஆலை வாசலை நான் நாக்கால கூட்டுறேன்!”

அவனுடைய போன் அலறியது. பொம்மிடியிலிருந்து மனைவி பானுமதி. அந்தம்மா பேசினால் ஸ்பீக்கர் எதற்கு? போனே இல்லாவிட்டாலும் தருமபுரிக்குக் கேட்கும்.

“என்னங்க, நம்ம வாசல்ல ரெண்டு லாரி வந்து நிக்குது! பானுமதி தோட்டத்துல நாப்பது டன் மாங்கா ஏத்தணுமாம். நம்ம வூட்ல இருக்கறது ஒரு கறிவேப்பிலைச் செடிதானுங்களே?”

கவுஸ் கண்ணாடியை மெதுவாகக் கழற்றினார்.

“உன் சம்சாரம் பேரு லிஸ்ட்டுல எப்படிய்யா வந்துச்சு?”

மாதவராஜ் தரையைப் பார்த்தான்.

“ஏத்திட்டாங்க மொதலாளி… அவங்களை மாட்டிவுட நேத்து ஷீட்டுல நான் சொருகுன பொய்ப் பேரையும் சேர்த்து ஏத்திட்டாங்க.”