பொன்னுதுரையின் விளக்கவுரை

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம். மலாக்காவின் காஜா பெராங்கில் பொன்னுதுரை வீட்டு ரேடியோவில் வாராவாரம் தமிழில் அறிவியல் உரை. பக்கத்து வீட்டுச் சிட்டி அம்மாள் ருக்மணி தவறாமல் வருவார். சிட்டிகள் தலைமுறைகளாக மலாய் பேசும் பழைய தமிழ் வம்சம்; அவருக்குத் தமிழ் தெரியாது. பொன்னுதுரை விடுவாரா? வரிக்கு வரி உரக்க மலாயில் விளக்கினார். புரியாத இடங்களில் சொந்தச் சரக்கையும் சேர்த்தார்.

இன்று கடைசி உரை.

"அணுன்னா, அக்கா, கடுகைவிடச் சின்னது..."

"கொஞ்சம் சும்மா இரு, தம்பி," என்றார் ருக்மணி மலாயில்.

"அப்புறம் எப்படிப் புரியும்?"

"புரிய வேணாம். குரல் போதும். பேசுறது என் மகன். சிங்கப்பூர்ல தமிழ் படிச்சவன்."

"இத்தனை நாள் சொல்லலையே. ஊருக்கு வரட்டும், பேசிக்கிறேன்."

"இதையெல்லாம் பதிவு பண்ணிக் கொடுத்துட்டு, காய்ச்சல்ல போய்ட்டான். நீ ஆசையா விளக்குறே, எப்படித் தடுக்கிறதுன்னு இருந்தேன்."

பொன்னுதுரை ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். ரேடியோவில் மகன், "வணக்கம்," என்று முடித்தான்.

அந்த ஒரு சொல் ருக்மணிக்குத் தெரியும்.