தூக்கத்தில் ஒரு ரிவர்ஸ்

"டாக்டர், அப்பாவோட தூக்க மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க, ப்ளீஸ்!"

டாக்டர் உட்காரச் சொல்வதற்கு முன்பே மகள் ஆரம்பித்துவிட்டாள். பின்னாலேயே வந்த அம்மா, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

டாக்டருக்கு அந்த அப்பாவைத் தெரியும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். ராத்திரி கண்ணே மூட மாட்டேன் என்கிறது என்று வந்தவருக்கு, இவர்தான் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்.

"நிறுத்தப் போறேன்னு யாரும்மா சொன்னது? மொதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

"அப்பா தூக்கத்துல எழுந்து எனக்கு போன் பண்றாரு."

"தூக்கத்துலயா?"

"ஆமா டாக்டர். மாத்திரை போட்டுப் படுப்பாரு. கொஞ்ச நேரத்துல எழுந்து ஹாலுக்கு வந்து, என் நம்பரைப் போட்டு நல்லாப் பேசுறாரு. விடிஞ்சதும் அம்மா கேட்டா, 'நானா? அவளுக்கா? உனக்கென்ன கிறுக்கா?'ன்னு எரிஞ்சு விழுறாரு. எங்க வீட்டுக்காரர் இதைப் பத்தி எங்கேயோ படிச்சுட்டு, ஆபத்து, உடனே டாக்டரைப் பாருன்னு ஒரே பிடியா நின்னுட்டாரு. அதான் வந்தேன்."

"அப்பா பொண்ணுகிட்ட பேசுறது அவ்வளவு பெரிய அதிசயமா?"

"எங்க வீட்ல அதிசயம்தான்," என்றாள் அம்மா. "இவ கட்டிக்கிட்டது எதிர் டிரைவிங் ஸ்கூல்காரரோட பையனை. ஊர்ல வேற ஆம்பளையே இல்லையான்னு மனுஷன் குதிகுதின்னு குதிச்சாரு. 'எனக்கு நெனவு இருக்கிற வரைக்கும் அவகூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்'னு அத்தனை சொந்தக்காரங்க முன்னாடி சொல்லிட்டாரு. வாயை விட்டா விட்டதுதான். உடும்புப்பிடி."

"ரோட்டுல நான் எதிர்ல வந்தா கார் கண்ணாடியை ஏத்திக்கிறாரு டாக்டர். அந்தக் கார்ல ஏசி கூடக் கிடையாது! உள்ள கத்துக்க வந்தவங்க வெந்து சாகுறாங்க."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, தூக்கத்துல என்னதான் பேசுறாரு?"

"மொத நாள் 'சாப்பிட்டியா?'ன்னு மட்டும் கேட்டுட்டு வெச்சுட்டாரு. இப்போ பாடம் எடுக்கிறாரு. எனக்கு லாரி லைசென்ஸ் டெஸ்ட் வருது. ரிவர்ஸ் எடுத்தா வண்டி கோணல்மாணலாப் போகுது. எங்க மாமனார் ஸ்கூல்ல கார் மட்டும்தான், லாரி பத்திக் கேட்க நாதி இல்ல. அப்பாகிட்ட போன்ல சொன்னேன். 'கழுத்தை ஏன்டி திருப்புற கழுதை, கண்ணாடியைப் பாரு. பின் சக்கரம் எங்க போகுதுன்னு மட்டும் பாரு. மெதுவா எடு, லாரி ஒண்ணும் உன்னை விட்டுட்டு ஓடிப்போயிடாது'ன்னு..."

அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"அவர் என்னைக் கழுதைன்னு கூப்பிட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா டாக்டர்?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"இங்க பாரும்மா. இந்த மாத்திரை சில பேருக்கு இப்படிப் பண்ணும். எழுந்து போய் சமைச்சு சாப்பிட்டுட்டு வந்து படுத்துடுவாங்க. காலையில அடுப்படியைப் பார்த்துட்டு, யார் வீட்டுக்குள்ள வந்ததுன்னு வீட்ல இருக்கிறவங்களையே கேப்பாங்க. காரை எடுத்துட்டுப் போனவங்க கூட உண்டு. எதுவுமே ஞாபகம் இருக்காது. உங்கப்பா வாசல்ல எந்நேரமும் கார் நிக்குது. போனை எடுக்கிற கை ஒருநாள் சாவியை எடுத்துட்டா?"

"சாவியை அம்மா ஒளிச்சு வெச்சுடுவாங்க."

"கார் ஓட்டுறதே பொழப்பா இருக்கிறவருக்கு சாவி கண்டுபிடிக்கத் தெரியாதா?"

"கதவைப் பூட்டிடலாம். டெஸ்ட் முடியுற வரைக்குமாவது விடுங்க டாக்டர்."

"முடியாதும்மா. இன்னைக்கே வேற மாத்திரை மாத்திடுறேன். அதுல எழுந்து நடக்கிறது, பேசுறது எதுவும் வராது. அப்பா நல்லபடியா இருந்தாத்தானே, என்னைக்காவது முழிச்சுக்கிட்டே உன்கூட பேசுவாரு?"

"முழிச்சுக்கிட்டா? அவரா?" மகள் எழுந்துகொண்டாள். "உங்களுக்கு அவரைத் தெரியாது டாக்டர். நேத்து பேசினதுதான் கடைசின்னு தெரிஞ்சிருந்தா, போனை வெச்சிருக்கவே மாட்டேன்."

துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். கதவு தானாக மூடிக்கொண்டது.

டாக்டர் மேஜை மேலிருந்த போனை எடுத்தார். "உங்க வீட்டுக்காரர்கிட்ட நானே சொல்லிடுறேன். பழைய மாத்திரையைத் தொடக்கூடாதுன்னு."

மகளோடு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த அம்மா, சட்டென்று கையை நீட்டி போனைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் டாக்டர். மாத்திரை மாறிடுச்சுன்னு அவர் காதுல விழவே கூடாது."

"என்னம்மா இது? சின்னப் பொண்ணு, அவ அழுறா, சரி. நீங்களும் சேர்ந்துக்கிட்டா எப்படி? நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

அம்மா கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, மேஜைப் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஆரம்பத்துல ஒருநாள் தூக்கத்துல எழுந்து, சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங் மாதிரி பிடிச்சுக்கிட்டு சோபாவுலயே கார் ஓட்டினாரு. காலையில சொல்லிச் சிரிச்சேன், எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையேன்னு அசந்துட்டாரு. எனக்குப் பயமாப் போச்சு, அன்னையிலேர்ந்து அவர் கையில வெறும் சத்து மாத்திரையைத்தான் குடுத்துட்டு வர்றேன் டாக்டர். இவளுக்கு போன் பண்ண ஆரம்பிச்சதே அதுக்கப்புறம்தான்."