தொழுகை அறை வாசல்

"வெள்ளிக்கிழமைக்குள்ள இந்த நாய்க்குட்டி தொழுகை அறை வாசல்ல நிக்கப் பழகணும். இல்லன்னா இதை வெளிய அனுப்பிடுவேன்" என்றாள் நுஹா. ஜோர்டானின் இர்பித் நகரில் அது அவளுடைய வீடு.

"குட்டிதானேக்கா, கத்துக்கும்" என்றான் தம்பி சுஹைர்.

"கிழிச்சுது! நீ நில்லுன்னு சொன்னா உன் செருப்பைத் தூக்கிட்டு ஓடுது."

சுஹைரின் ஆறு வயது மகள் தாலா, நாய்க்குட்டி சுக்கரை இறுக அணைத்துக்கொண்டு, கூடாது என்று தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை மாலை நுஹா தொழுதுகொண்டிருந்தாள். தண்ணீர்க் கிண்ணத்தில் நனைந்த மூக்கோடு சுக்கர் அவளுடைய விரிப்பை நோக்கிப் பாய்ந்தது. நாயின் ஈரம் பட்டால் விரிப்பு தொழுகைக்கு ஆகாது.

"நில்! நில்லுடா!" சுஹைர் கத்தியும் அது நிற்கவில்லை.

"நில்!" என்றது இன்னொரு குரல்.

சுக்கர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது.

நிலநடுக்கத்தின்போதுகூடத் தொழுகையை முறிக்காத நுஹா, பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தாள். நாயைத் தாண்டிப் போய்த் தாலாவை வாரி அணைத்தாள்.

"இன்னொரு தடவை பேசுடி, என் தங்கமே!"

சுஹைர் மகளருகே மண்டியிட்டான். தன் தாய் இறந்த பிறகான பதினான்கு மாதங்களில் தாலா வாய் திறந்து பேசியது அதுவே முதல்முறை.

"அத்தை, சுக்கர் நின்னுடுச்சு. இங்கயே இருக்கட்டுமா?"