ஒன்பதாவது வளை

“ஒன்பது வளையிலயும் நேத்து சாயந்திரம் காகிதத்தை அடைச்சிட்டுப் போனேன். எது வெளிய தள்ளியிருக்கோ அதுலதான் எலி குடியிருக்குன்னு அர்த்தம். ஒண்ணுமே தள்ளலையேம்மா,” என்றார் எலி மருந்து வைப்பவர்.

“எப்படித் தள்ளும்? பக்கத்து போர்ஷன் தையல்காரர் விடியக்காலைல உக்காந்து, வெளிய வந்த காகிதத்தைத் திரும்பத் திணிச்சாரு. ஜன்னல் வழியா என் கண்ணால பார்த்தேன்.”

பாப்பாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் நேரே தையல்காரரிடம் போனாள்.

“ஏண்ணே, எலிக்கு வக்காலத்தா?”

அவர் மெஷினை நிறுத்தவில்லை. “அது பாட்டுக்கு மண்ணுக்குள்ள கிடக்குது தங்கச்சி. குட்டி வேற போட்டிருக்கு.”

“எனக்கும்தான் குட்டி இருக்கு. ஏழு மாசம். சுவருக்கு அடியில பிறாண்டுற சத்தம் கேட்டா தொட்டிலை விட்டு நகர மாட்டேன், தெரியுமா?”

“உங்க பக்கம் வராது.”

“எலி உங்ககிட்ட எழுதிக் கொடுத்திருக்கா?”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. வீட்டு ஓனருக்கு ஃபோன் போட்டாள்.

“எலி வளர்க்கிறவர் இருந்தா நாங்க இருக்க முடியாது சார்.”

மாதக் கடைசியில் தையல்காரர் மெஷினையும் இரண்டு பெட்டிகளையும் வண்டியில் ஏற்றினார். போகும்போது பாப்பாவுக்குக் கையாட்டினார். அவள் பாப்பாவை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

எலி மருந்து வைப்பவர் மறுபடி வந்து காகிதம் அடைத்தார். மறுநாள் காலையில் ஒன்பதாவது வளை மட்டும் திறந்திருந்தது. மற்றவற்றைக் கடப்பாரையால் தோண்டிப் பார்த்தார்.

“உங்க ஜன்னல் பக்கம் இருக்கிற எட்டும் செத்த வளைம்மா. ஒரு முழ ஆழத்துல கண்ணாடித் துண்டு, துணி, சிமென்ட் எல்லாம் கலந்து யாரோ அடைச்சிருக்காங்க. நானே இவ்வளவு சுத்தமா அடைக்க மாட்டேன்.”

“அப்ப அந்த ஒண்ணு?”

“வேணும்னே விட்டது. எல்லா வழியையும் அடைச்சா, தவிச்சுப்போய் உங்க தரையைத் தோண்டிக்கிட்டு வந்திருக்கும். ஒரு வழி விட்டா அங்கேயே கிடக்கும்.”

தையல்காரர் பக்கச் சுவருக்கடியில் நுழைந்த அது எங்கே போகிறது என்று பார்க்கக் காலி போர்ஷனைத் திறந்தார்கள். தையல்காரர் கட்டில் போட்டிருந்த இடத்தில் தரை பெயர்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

“மருந்து வச்சிடவாம்மா?”

வளையிலிருந்து அவர் தோண்டி எடுத்திருந்த சிமென்ட் கட்டியை அவள் வாங்கித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு மஞ்சள் துணித் துண்டு ஒட்டியிருந்தது.

பாப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், தையல்காரர் தைத்துக் கொடுத்த முதல் சட்டையின் துணி.