கம்பை விடும் நேரம்

சாமிதுரையின் கம்பை அவனுடைய மச்சான் அரியமுத்து நடுவில் பற்றிவிட்டான்.

களம் இரைந்தது.

"சவுதியில ஒட்டகம் மேய்ச்ச கையிடா அது. எம்மா நேரம் தாங்கும்?" என்றான், முந்திரிமரக் கிளையில் உட்கார்ந்திருந்த ஒருவன்.

சவுதியின் தம்மாம் நகரில் சாமிதுரை வெல்டர். அதைத் திருத்த இது நேரமில்லை.

மீன்சுருட்டிக்குத் தெற்கே அரியமுத்துவின் ஊரில், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பிற்பகல் கம்பு ஆடுவார்கள். களத்துக்கு இரண்டு விதிகள். கம்பு தானாக நழுவினால் எடுத்துக்கொள்ளலாம், எதிராளி பிடுங்கினால் தோல்வி என்பது முதலாவது. இரண்டாவது விதிக்கு ஆட்டம் முடிந்த பிறகுதான் வேலை. வெல்ல வந்தவர்கள் அதை நினைப்பதில்லை.

அரியமுத்து இழுத்தான். சாமிதுரையும் இழுத்தான்.

"வுட்டுருங்க மாப்ள. கையி நோவப்போவுது."

மரியாதையில் குறை சொல்ல முடியாது. மற்றதெல்லாம் குரலில் இருந்தது.

அரியமுத்துவின் தங்கை வேம்புதான் சாமிதுரையின் மனைவி. சென்ற ஆடி முதல் அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கென்று சாமிதுரை அனுப்பிய டேப் ரிக்கார்டரை அவன் தாய் ரெங்கம்மாள் தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதில் தகராறு தொடங்கியது. இப்போது டேப் ரிக்கார்டரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மாப்பிள்ளை வந்து அழைக்கட்டும் என்கிறது அந்த வீடு. அண்ணன்காரன் கொண்டுவந்து விடட்டும் என்கிறது இந்த வீடு. மகன் அந்த வாசற்படியை மிதித்தால் தன் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று ரெங்கம்மாள் முடிவாகச் சொல்லியிருந்தாள்.

விடுப்பு வியாழக்கிழமையோடு முடிகிறது. பிறகு பம்பாய், விமானம், மறுபடியும் இரண்டு ஆண்டுகள்.

பெண்கள் நின்ற பக்கத்தைச் சாமிதுரை ஒருமுறையும் பார்க்கவில்லை. வேம்பு பச்சைப் புடவை உடுத்தியிருந்தாள் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும்.

தம்மாமில் அவனுடைய அறைக்கூட்டாளி ரோமி பிலிப்பைன்ஸ்காரன். வெள்ளிக்கிழமைகளில் இருவரும் துடைப்பக் கட்டைகளைக் கை நீளத்துக்கு அறுத்துக்கொண்டு விளையாடுவார்கள். ரோமியின் ஊர்ச் சண்டை அது. சாமிதுரையின் ஊர்க் கம்பு நெற்றி உயரம். ஆனால் வேறுபாடு நீளத்தில் இல்லை. பிடிபட்ட கம்பைச் சாமிதுரை உயிரைப் பிடித்து இழுப்பதுபோல் இழுப்பான். ரோமி விட்டுவிடுவான். விட்ட கை வந்து சாமிதுரையின் காதில் விழும்.

காது பல நாள் எரிந்த பிறகே விஷயம் விளங்கியது. விடுவதில் ஒன்றுமில்லை, எப்போது விடுவது என்பதில்தான் எல்லாம் இருந்தது. எதிராளி ஒரு கையால் பிடித்திருக்கும்போது விட்டால், மறுகையால் அடிப்பான். இரண்டு கையும் கம்பில் சிக்க வேண்டும். அது தனக்கே வந்துவிட்டது என்று அவன் நம்ப வேண்டும். நம்பிய பிறகு அவனால் அதை விட முடியாது.

அரியமுத்து இன்னும் ஒரு கையால்தான் பிடித்திருந்தான்.

சாமிதுரை பிடியைச் சற்றே தளர்த்தினான். கம்பு ஒரு சாண் நகர்ந்தது.

அரியமுத்து அதைக் கண்டான். தன் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வலக்கையையும் கொடுத்தான்.

இன்னும் இல்லை. இப்போது விட்டால் நழுவியது என்பார்கள். எடுத்துக்கொண்டு ஆடச் சொல்வார்கள். சாமிதுரை மறுபடியும் இறுக்கினான். அரியமுத்துவின் குதிகால்கள் மண்ணில் புதைந்தன. உடல் பின்னால் சாய்ந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

சாமிதுரை விட்டான்.

விட்ட வேகத்தில் கால் பழக்கத்தால் ஓர் எட்டு முன்னே வைத்தது. இடக்கை தானாக எழுந்து அரியமுத்துவின் தொண்டைக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. அரியமுத்து அதைப் பார்த்தான். வேறு யாரும் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் கம்பின்மேல் இருந்தது. பிறகு அந்தக் கை விரிந்து, மல்லாந்து விழவிருந்தவனைத் தோளில் பிடித்து நிறுத்தியது.

"புடுங்கிட்டான்யா" என்றது முந்திரிமரம்.

அரியமுத்து இரண்டு கம்புகளையும் தலைக்கு மேலே தூக்கினான். ஊர் அவனைச் சூழ்ந்துகொண்டது. களத்துக்குப் பொறுப்பாளரான இளையபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆண்டுதோறும் சொல்வதைச் சொன்னார்.

"புடுங்குன கம்ப நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள தோத்தவன் வூட்டுல கொண்டுபோயிக் குடுத்துட்டு, ஒரு வா சோறு தின்னுட்டு வரணும். பகை வெச்சுக்கப்படாது. வெத்தலத் தட்டு தூக்க, செயிச்சவனோட கூடப்பொறந்தவ போவணும்."

அரியமுத்துவுக்கு உடன்பிறந்தவள் ஒருத்திதான்.

தூக்கிய கைகள் மெல்ல இறங்கின. அவன் கையிலிருந்த கம்பைப் பார்த்தான்; சாமிதுரையைப் பார்த்தான்; தொண்டையைத் தடவிக்கொண்டான்.

"ஏன் மாப்ள," என்றான், குரலைத் தாழ்த்தி, "நெசமாவே நாந்தான் புடுங்குனனா?"

"கையி நோவுது மச்சான்" என்றான் சாமிதுரை.

அப்போதுதான் அவன் பெண்கள் நின்ற பக்கம் திரும்பினான். பச்சைப் புடவை அங்கே இல்லை. அரியமுத்துவின் மனைவி பொன்னம்மாள் மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"அவளையா தேடுறீங்க தம்பி? பித்தளைத் தட்ட வெளக்கணும்னு போயிட்டா. நீங்க கம்ப வுடறதுக்கு முந்தியே."